புதுச் சைக்கிளுக்கு முதலில் எது வேண்டும்?

கிராமத்து வீடொன்றுக்குப் புதுச் சைக்கிள் வருவது சிறிய விடயமன்று. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது அதன் பெறுமதியை நகரத்தவரும் உணர்ந்தனர்; விலையும் வெகுவாக ஏறியது. கடன்பட்டு வாங்கிய பின் கையில் மிஞ்சும் சிறு தொகையை எதற்குச் செலவிடுவது? இளைஞர் பலர் நிறப் பட்டிகளையும் கைபிடி உறைகளையும் தேடுகின்றனர். அழகு வேண்டாமென நாம் சொல்லவில்லை. ஆனால் எதற்கும் ஒரு வரிசை உண்டு.

இதை நாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது சங்கத்தினூடாக மாணவர்க்குச் சைக்கிள்கள் வழங்கினோம். படமெடுத்தோம், கைதட்டினோம். லைற்றைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த மாரியில் ரியூசன் முடிந்து வந்த மாணவி ஒருத்தியைப் பின்னால் வந்த வான் தட்டியது. கால் முறிவோடு தப்பினாள். "பிள்ளை கண்ணில் படவில்லை" என்றார் சாரதி. அவர் பொய் சொல்லவில்லை. குறை எங்களுடையது.

எனவே முதலாவது வெளிச்சம். மாரியில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. 2009இல் போர் முடிந்த பின் ஏ9 போன்ற வீதிகள் காப்பெற் இடப்பட்டன. வாகனங்களின் வேகமும் கூடியது. டைனமோ லைற்றுக்குப் பற்றரிச் செலவில்லை. ஆனால் சைக்கிள் நின்றால் லைற்றும் அணைந்துவிடும். ஆகவே பின் மட்காட்டில் சிவப்பு றிப்ளெக்டர் கட்டாயம். பெடல்களிலும் பூட்டினால், அவை ஏறி இறங்குவது சாரதியின் கண்ணைத் தூரத்திலேயே இழுக்கும்.

இரண்டாவது பிறேக். புதிய பிறேக் கேபிள் முதற் கிழமைகளில் இழுபட்டுத் தளரும். சில்லுக் கம்பிகளும் அப்படியே. ஒரு மாதத்துக்குள் திருத்துபவரிடம் கொடுத்து இறுக்குவது நல்லது. மழையில் நனைந்த இரும்பு றிம்மில் பிறேக் பிடிக்கத் தாமதமாகும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாவது உறுதியான கரியர். தம்பி தங்கையை ஏற்றாத சைக்கிள் எமது ஊர்களில் இல்லை. தொங்கும் பிஞ்சுக் கால் சில்லுக்குள் அகப்பட்டால் குதிக்கால் கிழிந்துவிடும். பின்சில்லின் இருபுறமும் காப்பு வலையும், கால் வைக்க ஒரு தாங்கியும் பூட்டினால் அந்த ஆபத்துப் பெரிதும் குறையும்.

பின்னர் காற்றடிக்கும் பம், ஒட்டுச் சாமான், பூட்டு. வயல்வெளியில் ரியூப் ஒட்டையானால் உதவிக்கு வருவது இவையே. மற்றவை எல்லாம் அதன் பிறகு.

சைக்கிள் வழங்கும் சங்கங்களிடமும் கடன் கொடுக்கும் அமைப்புகளிடமும் நாம் கேட்பது இதுதான்: இவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பத்துச் சைக்கிளுக்குப் பணமிருந்தால் ஒன்பதை முழுமையாகக் கொடுப்போம். பத்தாவது பிள்ளைக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எமக்கும் அது இலகுவானதன்று. ஆயினும் அடுத்த தவணைவரை பொறுக்கும்படி ஒரு தாயிடம் சொல்லலாம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தாயிடம் சொல்வதற்கு எம்மிடம் எதுவுமில்லை.