மழைச்சட்டையும் மலைப்பாதையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். ஊருக்குள் அது அழகைப் பற்றிய சொல். மலையேறுகிறவனுக்கோ அது உயிரைப் பற்றிய சொல். இதை நான் நூலில் படித்து அறியவில்லை, நனைந்து அறிந்தேன்.

சென்ற ஐப்பசி அமாவாசையை ஒட்டி நண்பர்கள் நால்வர் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்குச் சென்றோம். "ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது" என்ற கடைக்காரரின் சொல்லை நம்பித் தீபாவளிக்கு வாங்கிய, பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட்டை அணிந்திருந்தேன். அப்பா மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம் அது. ஏறும்போது வியர்வையில் உள்ளே நனைந்தேன். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தையல் வழியே நீர் புகுந்து, ஜாக்கெட் நனைந்த மெத்தையாகக் கனத்தது, பற்கள் கிட்டிப்போயின. அப்போது மேலே சுமை இறக்கிவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர், உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்தார். "தம்பி, அந்த மெத்தையைக் கழட்டிட்டு ஒரு சாக்கை மாட்டுங்க" என்று சிரித்தபடியே போனார்.

அந்தச் சிரிப்பில் ஓர் அறிவியல் இருந்தது. மழையைத் தடுப்பது ஒரு வேலை. உடற்சூட்டைக் காப்பது இன்னொரு வேலை. வியர்வையை வெளியேற்றுவது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒரே துணியிடம் எதிர்பார்ப்பது பேதைமை. ஆகவேதான் மலையேறுவோர் அடுக்கடுக்காக அணிகின்றனர். உடலை ஒட்டி விரைவில் உலரும் பனியன், அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலாக நீர் புகாத மெல்லிய மேலுறை. வேண்டும்போது ஒன்றைச் சேர்க்கலாம்; வேண்டாதபோது கழற்றலாம். நம் பருத்திச் சட்டை வெயிலுக்கு அமுதம். நனைந்தாலோ நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும்.

1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ், இரு துணிகளுக்கிடையே ரப்பரை வைத்து மழைத்துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழை உள்ளே வரவில்லை. வியர்வையும் வெளியே போகவில்லை. 1969இல் அமெரிக்காவின் பாப் கோர் கண்டறிந்த நுண்துளைச் சவ்வு, நீர்த்துளியைத் தடுத்து நீராவியை வெளியே விட்டது. 'கோர்டெக்ஸ்' பிறந்த கதை இதுவே. ஆனால் அது நன்கு வேலை செய்ய, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்க வேண்டும். நம் மலையடிவாரத்தில் மழை நேரத்துக் காற்றே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறதே! அதற்காக ஆயிரக்கணக்கில் செலவிடுவதைவிட, அக்குளில் ஜிப் வைத்துக் காற்றோட்டம் தரும் எளிய மேலுறையே நமக்கு ஏற்றது என்பது என் துணிபு.

வாங்கும்போது சிலவற்றைப் பாருங்கள். உட்புறத் தையல்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா? தொப்பியைக் கயிற்றால் இறுக்க முடிகிறதா? உள்ளே கம்பளி அணிய இடமிருக்கிறதா? சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்றிருந்தால், பத்து மீட்டர் உயர நீரின் அழுத்தத்தை அத்துணி தாங்கும் என்று பொருள். நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். எந்தச் சட்டையும் காட்டாற்று வெள்ளத்தைத் தடுக்காது. 2015 மே மாதம் சதுரகிரியில் வந்த திடீர் வெள்ளம் பக்தர்கள் பலரின் உயிரைக் கொண்டுபோயிற்று. வனத்துறையினர் தடுத்தால் திரும்பிவிடுவதே அறிவுடைமை.

இறுதியாக ஓர் ஆசை. இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வுக்கூடத்தார், கடலில் விழும் விமானிகளுக்காக நீளிழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தனர். நனைந்ததும் நூல் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். 'வென்டைல்' என்ற அத்துணி இன்றும் உண்டு. பருத்தியும் மழையைத் தடுக்கும்! நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையம், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி, நைட்டி தைக்கும் தளவாய்புரம் எனப் பஞ்சும் தறியும் தையலும் நம்மிடம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் மழையோடு மழையாக நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும், என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெரியவருக்கும் கட்டுப்படியாகும் விலையில் ஒரு மழைச்சட்டை நம் மண்ணில் பிறக்கக் கூடாதா? நம் பேராசிரியர்களும் மாணவ நண்பர்களும் சிந்திக்க வேண்டுகிறேன்.