பழுது இருக்கப் புகாரை மூடலாமா?

“தங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வீட்டில் இணையம் வரவில்லை. யாரும் வந்து பார்க்கவில்லை, கூப்பிட்டுக் கேட்கவில்லை, கம்பத்தில் ஏறவில்லை. ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பழுது முடிந்துபோன ஒன்று. ஃபைபர் இணைப்பு வைத்திருக்கும் ஏராளமான தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன அனுபவம். இதற்குப் பெயர் பொய். கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, எழுத்திலேயே சொல்லும் பொய். இதைச் செய்யும் இணைய நிறுவனங்களையும், அதற்கு இடம் கொடுக்கும் விதிகளையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

முழுதாக அறுந்துபோன இணைப்பைக்கூட ஒருநாள் ஆள் வந்து ஒட்டிவிடுவார். விட்டுவிட்டு வரும் இணைப்புக்குத்தான் நாதியில்லை. காலையில் நன்றாக இருக்கும். பதினொரு மணிக்கு அலுவலகக் கூட்டம் நடக்கும்போது போகும். ஐந்து நிமிடத்தில் திரும்பும். சாயங்காலம் ஒரு தூறல் விழுந்தால் மறுபடி போகும். புகார் மையத்தை அழைத்து, எண்களை அழுத்தி, இசையைக் கேட்டுக் காத்திருந்து, ஆள் பேச வருவதற்குள் இணைப்பு வந்திருக்கும். “இப்போ வருதுங்களா சார்? அப்போ டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடறேன்” என்கிறார் எதிர்முனையில் இருப்பவர். அடுத்த நாள் அழைத்தால் புதுப் புகார் எண், புது ஆள். பெயர், முகவரி, பழுது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பிறகு அதே கட்டளை: “ரூட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

இந்தக் கட்டளையால் பலன் கிடைக்கும் தருணங்கள் உண்டு. ரூட்டரின் மென்பொருள் சிக்கிக்கொண்டால் அணைத்துப் போடுவது சரியான வைத்தியம்தான். ஆனால் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால், வீதியிலிருந்து வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது எழுபது வயது அம்மாவை நாற்காலியைப் போட்டு ஏறச்சொல்லி, சுவரின் மேலிருக்கும் பெட்டியை அணைத்து அணைத்துப் போடவைப்பது வெறும் அலைக்கழிப்பு. அவர் கை படும் இடத்தில் பழுதே இல்லை.

பழுது எங்கே என்பது நிறுவனத்துக்குத் தெரியாமலும் இல்லை. இதுதான் நம்மைச் சினம்கொள்ள வைக்கிறது. வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஒரே அமைப்பு முறையில் இயங்குகிறது. நிறுவனத்தின் மையக் கருவியில் ஒரு துறையிலிருந்து (போர்ட்) புறப்படும் ஒற்றை இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற மின்சாரம் தேவைப்படாத சிறு பெட்டிகளில் பிரிந்து, 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் ஒளியின் வலு பாதியாகும். 32 வீடுகளுக்குப் பிரித்தால் அதிலேயே சுமார் 17 டெசிபல் போய்விடும். மிச்சத்தில்தான் தெருவின் நீளம், ஒட்டுகள், வளைவுகள் எல்லாம் தாக்குப்பிடிக்க வேண்டும். வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளி ஏறத்தாழ மைனஸ் 27 டிபிஎம் என்ற அளவுக்கும் கீழே இறங்கினால் இணைப்பு அறுபடும். மைனஸ் 18, மைனஸ் 20 என்று வந்தால் கவலையில்லை. மைனஸ் 26-இல் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு விளிம்பில் நிற்கிறது. இணைப்பானின் முகத்தில் ஒட்டிய தூசு, மின்கம்பத்தில் இறுக்கிக் கட்டியதால் ஏற்பட்ட வளைவு, நீர் புகுந்த ஒட்டுப்பெட்டி, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். ஒளி பயணிக்கும் உள்ளிழையின் விட்டமே சுமார் ஒன்பது மைக்ரான்தான். ஒரு துகள் அதை மறைத்துவிடும்.

இந்த ஒளி அளவை வீட்டுப் பெட்டி மைய நிலையத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. எந்த வீட்டின் இணைப்பு எத்தனை மணிக்கு அறுந்தது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதெல்லாம் அங்கே பதிவாகிறது. வீட்டில் மின்சாரம் போனதால் அணைந்ததா, வழியில் இழை அறுந்ததா என்பதைக்கூட அங்கே உட்கார்ந்தபடியே பிரித்தறியலாம். மின்சாரம் போகும்போது, அணைவதற்கு முன் கடைசியாக ஒரு சமிக்ஞையைப் பெரும்பாலான பெட்டிகள் அனுப்பிவிடும். ஒரே துறையில் உள்ள பத்து வீடுகள் ஒரே நொடியில் போனால் பழுது வீதியில். ஒரு வீடு மட்டும் போனால் அந்த வீட்டுக்கான கிளைக்கம்பியிலோ வீட்டுக்குள்ளோ. இவ்வளவும் திரையில் தெரியும்போது, வாடிக்கையாளரிடம் “உங்க பக்கம்தான் பிரச்சினை” என்று சொல்வது எந்த வகை நேர்மை?

வீட்டுக்குள்ளேயே பழுது இருப்பதும் உண்மைதான். அதை மறைத்துப் பேச மாட்டோம். மெதுவான இணையம் என்று வரும் புகார்களில் வைஃபை தொல்லைகளும் கலந்திருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரூட்டர்கள் அவற்றில் முண்டியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். இதைப் பிரித்தறிய பெரிய வித்தை தேவையில்லை. மடிக்கணினியை லேன் கம்பியால் ரூட்டரில் நேரடியாக மாட்டி, பிங் கட்டளையை இரண்டு சாளரங்களில் ஓடவிட வேண்டும்: ஒன்று ரூட்டருக்கு, மற்றொன்று வெளியே உள்ள ஒரு முகவரிக்கு. ரூட்டர் தடையின்றிப் பதில் தந்து வெளி முகவரி மட்டும் விட்டுவிட்டுப் போனால் குறை ரூட்டருக்கு அப்பால் இருக்கிறது. கம்பியில் சீராக வந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால் குறை வீட்டுக்குள். புகார் மையத்தில் பேசுபவர் இதைச் சொல்லித்தந்தால் பாதிக் குழப்பம் அன்றே தீரும். அவருக்குத் தரப்பட்ட வாசகங்களில் இது இருப்பதில்லை. கூடுதல் ரூட்டர் வாங்குங்கள், உயர்ந்த திட்டத்துக்கு மாறுங்கள் என்ற வாசகம் தவறாமல் இருக்கிறது. ஒளி குறைந்து அறுபடும் இணைப்பில் 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்கினாலும் அறுபடுவது நிற்காது. தெரிந்தே இதை விற்பது மோசடி.

இரவு எட்டு மணிக்கு மட்டும் ஊர்ந்துபோகும் இணைப்பின் கதை வேறு. அங்கே கம்பி நன்றாக இருக்கும். நிறுவனம் வெளியுலகோடு வைத்திருக்கும் பாதை போதாது. உச்ச நேரத்திலும் அந்தப் பாதை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் தர விதிகளிலேயே எழுதப்பட்டது. வேகச் சோதனை செய்து பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். அந்தச் சோதனை பெரும்பாலும் பக்கத்திலிருக்கும், பல நேரங்களில் அதே நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும், ஒரு சர்வரோடு பேசிவிட்டு வந்து சொல்லும் பதில்.

கம்பம் ஏறும் தம்பிகளைக் குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருப்பவர்கள் அவர்கள். ஒளி அளக்கும் மீட்டரும் ஒட்டும் இயந்திரமும் போதிய அளவில் கொடுக்காமல், மாலைக்குள் இத்தனை புகார்களை முடி என்று விரட்டினால், கையால் மாட்டும் இணைப்பானைச் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடத்தான் செய்வார்கள். முறையாக உருக்கி ஒட்டினால் ஏற்படும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. அவசர இணைப்பானில் அது சில மடங்கு. அடுத்த மழையில் அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வரும். நிறுவனத்தைக் கேட்டால் உள்ளூர் கேபிள்காரரைக் கைகாட்டுகிறது. கேபிள்காரர் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார். இருவரும் சேர்ந்து மாநகராட்சி தோண்டிய பள்ளத்தைக் காட்டுகிறார்கள். தோண்டும் முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்வதற்கென்றே ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. பொக்லைன் இறங்கும் ஒவ்வொரு தெருவிலும் அதைப் பயன்படுத்த வைக்கும் கடமை உள்ளாட்சிகளுக்கு உண்டு.

இனி விதிகளுக்கு வருவோம். டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பில் பழுது மூன்று நாட்களுக்குமேல் நீடித்தால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். தரம் தவறும் நிறுவனங்களுக்கான தண்டத்தொகையும் ஒரு லட்சம் ரூபாயில் தொடங்கிப் பத்து லட்சம் வரை படிப்படியாக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றங்கள். ஆனால் ஒரு நாளில் ஒன்பது முறை அறுந்து ஒன்பது முறை திரும்பும் இணைப்பு இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? அது தொடர்ந்து மூன்று நாள் செத்துக் கிடப்பதில்லை. ஒவ்வொரு முறை புகாரை மூடும்போதும் நாட்கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பொய்க் குறுஞ்செய்தியின் பயன் இதுதான். ஈடு தரும் கடமையிலிருந்தும் தண்டத்திலிருந்தும் நழுவ அதுவே வாசல்.

மேல்முறையீடு என்று போனால், 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அதைக் கேட்பதும் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புதான். தீர்ப்புக்கு 39 நாள் அவகாசம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றம் கேட்க முடியாது என்று 2009-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அடைபட்டிருந்த வழியை, 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் திறந்துவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. அறுந்த நேரங்களைக் குறித்துவைத்து, புகார் எண்களையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் சேர்த்து, வாசகர்கள் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால்தான் நிறுவனங்களுக்கு உறைக்கும்.

2022-க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 எம்பிபிஎஸ் அகல அலைவரிசை என்று 2018-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையில் எழுதினார்கள். இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. தேர்வின் நடுவில் திரை உறைந்த மாணவிக்கும், வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளில் இணைப்பு போன சிறு கணக்கருக்கும், வீட்டிலிருந்து வேலை பார்த்து “உன் நெட் எப்பவும் இப்படித்தானா?” என்று மேலாளரிடம் பேச்சு வாங்கும் பெண்ணுக்கும் இந்த வாசகங்களால் என்ன கிடைத்தது?

எனவே கேட்கிறோம். வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை கடவுச்சொல்லை அவரே மனமொப்பித் தந்தால் ஒழிய எந்தப் புகாரையும் மூடக் கூடாது. ஒரே பழுது முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய புகார் எண்ணே உயிர்பெற்று, பழைய தேதியிலிருந்தே நாட்கணக்கு ஓட வேண்டும். வீட்டுக்கு வரும் ஒளி அளவையும், இணைப்பு அறுந்த நேரங்களையும் நிறுவனத்தின் செயலியில் வாடிக்கையாளரே பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒரு நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அறுபட்டால் அந்த நாள் முழுவதையும் பழுதான நாளாகக் கணக்கிட்டு, கேட்காமலே அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். இவற்றைச் சேர்த்து 2024 விதிகளைத் திருத்தும் வரைவை டிராய் தாமதமின்றிப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட வேண்டும். திருத்தம் வரும்வரை நிறுவனங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஆள் போகாமலே மூடிய புகார்கள் எவை என்பது அவர்களின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அவற்றை இந்த வாரமே திறந்து, மீட்டரோடு ஆளை அனுப்பட்டும்.