பாரமும் கயிறும்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால், ஏலமலைச் சரிவு சுவர் எடுத்தாற்போல் உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் டாப் ஸ்டேஷன், அடிவாரத்தில் கொட்டகுடி. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் ஆகாய மார்க்கமாகப் பிரயாணம் செய்தன. 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908-ல் அதற்குப் பதிலாக இரண்டடி அகல ரெயில் வந்தது. அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக் கீழே இறங்கிய பெட்டிகள், வண்டியேறிப் போடிக்கு வந்து, தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குச் சென்றன. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரெயில் பாதையை அழித்துவிட்டது. சீமையில் அத்தேநீரைப் பருகினவர்களுக்கு இந்த வடத்தைப் பற்றி என்ன தெரியும்? வடத்தைக் காத்து நின்ற கைகளைப் பற்றித்தான் என்ன தெரியும்?

மலைக்கு மலை கட்டிய வடம் ஏன் நடுவில் தொய்ந்து தொங்குகிறது என்று நேயர்கள் யோசித்ததுண்டா? கட்டியவர்களின் சோம்பல் அன்று, அது கணக்கு. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கயிற்றின் நடுவே தண்ணீர்க் குடத்தைக் கட்டி, இருவர் இரு முனைகளையும் பிடித்து அருகருகே நின்றால் பாரம் பாதிப் பாதியாகிறது. இருவரும் விலக விலகக் கை கடுக்கிறது. கயிற்றை நேர்கோடாக நிமிர்த்தவோ எத்தனை பலசாலியாலும் இயலாது.

பாரம் தூக்கும் யந்திரத்துக்கும் இதே நியாயந்தான். 1,000 கிலோ பாரத்தை ஒரே கொக்கியிலிருந்து இரு பக்கமும் சமமாகப் பிரிந்த கயிறு தாங்குவதாக வைத்துக்கொள்வோம். கயிறு தரைமட்டத்துக்கு 60 பாகை சாய்வில் நின்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 577 கிலோ தாங்குகிறது. 30 பாகைக்குத் தாழ்ந்தாலோ ஒவ்வொரு பக்கமும் முழு 1,000 கிலோவையும் தாங்கவேண்டும்! பாரம் கூடவில்லை, கயிறு மட்டும் குட்டையாயிற்று. அபாயம் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது.

இந்தக் கலையின் நுட்பங்கள் யாவற்றையும் ஒருங்கே காண விரும்புவோர், துறைமுகத்தில் சிறு பாய்ப்படகு ஒன்றைக் கரையேற்றுவதைப் பார்க்கவேண்டும். படகின் அடியில், காற்றுக்குக் கவிழாதபடி காக்கும் கனத்த ஏரா இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வார்ப்பட்டை, பின்னால் ஒரு வார்ப்பட்டை. பட்டைகள் சுக்கானின் மேலும், யந்திரத்தின் சுழல்தண்டின் மேலும் படலாகாது. சரிவான அடிப்புறத்தில் அவை வழுக்கி விலகாதபடி இரண்டையும் கயிற்றால் பிணைக்கவேண்டும். பட்டைகள் படகின் விலாவை நெருக்காமலிருக்க, மேலே குறுக்குச் சட்டம் ஒன்று வேண்டும். கனத்தின் மையத்துக்கு நேர்மேலே கொக்கி நிற்கவேண்டும். உள்ளே தேங்கிய நீரை முன்பே இறைத்துவிட வேண்டும். இல்லையேல் நீர் ஒரு பக்கம் ஓடி, படகையும் அப்பக்கம் சாய்த்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இனிமேல்தான். முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்க்கிறார்கள். சாய்ந்தால் இறக்கிப் பட்டையை மாற்றுகிறார்கள். படகு சுழலாதபடி முன்னும் பின்னும் கட்டிய கயிறுகளைத் தூர நின்று பிடிக்கிறார்கள். தொங்கும் பாரத்தின் கீழே ஒருவரும் நிற்பதில்லை; கையையும் நீட்டுவதில்லை.

நம் தேசம் சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948-ல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டத்தில் இவ்விஷயத்தை மறக்கவில்லை. பாரந்தூக்கும் யந்திரங்களையும் சங்கிலி, கயிறுகளையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் தேர்ந்தவர் பரிசோதிக்க வேண்டும், குறித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது என்று விதித்தது. பிழைப்புக்கு வந்தவன் உயிரும் உயிரே என்று சட்டம் ஒப்புக்கொண்டது அது.

ஆனால் சட்டம் எட்டாத இடங்கள் பல. ஏலக்காய் மூட்டைகளை லாரியில் ஏற்றும் இடத்திலும், நம் வீட்டு மாடிக்குப் பீரோவையும் தண்ணீர்த் தொட்டியையும் கயிறு கட்டி ஏற்றும் இடத்திலும் சோதனை அதிகாரி வருவதில்லை. அங்கே நாமே எஜமானர், நாமே சட்டம். நைந்த கயிற்றைக் கண்டு ஒரு கூலியாள் தயங்கி, "வேறு கயிறு வேண்டும், ஐயா" என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? "இதற்கே நேரமாகிவிட்டது" என்று முகம் சுளிக்கிறோம். அவசரக்காரனுக்கு அண்டாவிலும் கை நுழையாது என்று குழந்தைகளுக்கு மட்டும் உபதேசிக்கிறோம்!

புதுக் கயிற்றின் விலை சில நூறு ரூபாய். அதை வாங்கி வரப் பிடிக்கும் நேரம் அரை மணி. அந்தப் பணத்தையும் நேரத்தையும் மனமாரக் கொடுக்கும் குடும்பத்தில், பிறர் பாரத்தைத் தன் பாரமாக எண்ணும் பண்பு குழந்தைகளுக்கும் தானே படியும்.