கடைக்கும் ஒரு திட்டம் வேண்டும்

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. உணவகங்கள் பொட்டலம் கட்டிக் கொடுத்துச் சமாளித்தன. முடிதிருத்தும் நிலையங்களுக்கு அந்த வழியும் இல்லை; ஜூன் 10ஆம் தேதிதான் அவை மீண்டும் திறந்தன. வருமானம் நின்றது, வாடகை நிற்கவில்லை.

அப்போது நுண்தொழில்களுக்கு அரசாங்கம் 3,000 ரிங்கிட் சிறப்பு மானியம் அறிவித்தது. ஆனால், தொழிலைப் பதிவு செய்தவர்களுக்கே அது கிடைத்தது. பதிவில்லாதவருக்கு உழைப்பு மட்டுமே சாட்சி, அது போதவில்லை.

மாணவர்களே, உங்களில் பலரின் படிப்புச் செலவு இத்தகைய சிறு கடையிலிருந்துதான் வருகிறது. அடுத்த தொற்று தேதி சொல்லிவிட்டு வராது. இந்த விடுமுறையில் பெற்றோருடன் உட்காருங்கள். பதிவும் உரிமமும் காலாவதியாகிவிட்டனவா என்று பாருங்கள். வரவு செலவை மாதந்தோறும் எழுதி வையுங்கள். மூன்று மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் சிறுகச் சிறுகத் தனியே சேமிக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர்களின் கைப்பேசி எண்களைத் திரட்டுங்கள். காய்ச்சலோடு வரும் ஊழியரை வீட்டுக்கு அனுப்பினால் அவர் வேலையை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

‘அப்பாவுக்குத் தெரியாததா?’ என்று ஒதுங்காதீர்கள். அவருக்குத் தொழில் தெரியும். படிவமும் இணையமும் உங்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் கடை நிலைக்கும்.