ஊருக்குள் விற்கலாம், வெளியே கூடாது



மரக்காணத்தில் பாத்திகளில் உப்பு வாரத் தொடங்கியாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, குவியலுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து டீக்கடையிலோ வேறு பேச்சு: நேற்றுவரை திட்டியவர்களோடு இன்று ஒரே மேடையில் உட்காரலாமா?

உப்பளத்து ஊரில் இதைக் கேட்டால் எனக்கு 1931 மார்ச் 5-தான் நினைவுக்கு வரும். வேதாரண்யத்தில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுத்துச் சிறை போய் ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் காந்தி வைஸ்ராய் இர்வினோடு உடன்பாட்டில் கையெழுத்திட்டுவிட்டார். உப்புச் சட்டம் அப்படியே இருந்தது, வரியும் இருந்தது. உப்பு விளையும் இடத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஊருக்குள் விற்கலாம். வெளியூர்க்காரருக்கு விற்கக் கூடாது. உப்பு விஷயத்தில் கிடைத்தது இவ்வளவுதான். போலீஸ் அத்துமீறல் பற்றிய விசாரணைக் கோரிக்கையையும் விட்டுக்கொடுத்தாயிற்று. பதினெட்டே நாளில் பகத்சிங்கைத் தூக்கிலிட்டார்கள். கராச்சி காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்த காந்தியை, பகத்சிங்கைக் காப்பாற்றவில்லையென்று இளைஞர்கள் கறுப்புக் கொடியோடு எதிர்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையென்று யார் சொல்வார்? அந்தப் பக்கம், பிரிட்டனில், சர்ச்சிலுக்கும் ஆத்திரம்தான்.

இருந்தாலும் நான் அந்த உடன்பாட்டின் பக்கம். அதுவரை கழியோரத்தில் தானாகப் பூத்த உப்பை ஒரு கை அள்ளினாலும் குற்றம். அதை அள்ளி உலையில் போடும் உரிமை, கடலோரத்து ஏழை வீட்டுக்கு அந்த ஒரு பிரிவால் வந்தது. இன்னொன்று: யாருக்கு வெற்றி என்று கேட்ட பத்திரிகையாளர்களிடம், அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் காந்தி. வராததை வந்ததாகக் காட்டவில்லை. (நம் கூட்டணித் தலைவர்களின் பேட்டிகளைக் கேட்டுவிட்டு இதைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.)

உடன்பாடு நிலைக்கவில்லை. 1932 ஜனவரியில் காந்தி மறுபடி சிறையில்.

உப்பு வரியை எடுத்தது யார் தெரியுமா? 1947 பிப்ரவரி பட்ஜெட்டில், முஸ்லிம் லீக்கின் லியாகத் அலி கான். காங்கிரசும் லீக்கும் முகம் கொடுத்துப் பேசாமலே ஒன்றாக உட்கார்ந்திருந்த இடைக்கால அரசில் அவர்தான் நிதி அமைச்சர்.

ஆகவே, அடுத்த தேர்தலில் எந்தக் கூட்டணி ஒப்பந்தம் வந்தாலும் தொகுதிக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். மழைக்காலத்தில் உப்பளம் மூடியபின் கூலியில்லாமல் இருக்கிறவர்களுக்கு அதில் ஒரு வரியாவது உண்டா என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். எந்தக் கட்சியானாலும் சரி, பெயரோடு போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்