மின்கையும் மிதிவெடியும்

மூளை எண்ண, மின்கை அசைகிறது என்னுஞ் செய்திக்கு வியவாதார் இலர். வியப்பு வேறு, விசாரணை வேறு. நரம்புப் பொறியியல் யாருடைய உறுப்புக்காக உழைக்கிறது என்பதே இங்கு வினா.

பம்பாய் ஐ.ஐ.டி.யிற் பயின்று ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான நிதிஷ் தாகோரின் குழு, கூர்முனையின் நோவைச் செயற்கைக் கைவிரலுக்கு உணர்த்தும் மின்தோலை 2018இல் வெளியிட்டது. பெருஞ்சாதனை, ஐயமில்லை. ஆயின் மிதிவெடி பறிப்பது பெரும்பாலும் காலையே. 1990இல் காங்கேசன்துறையை விட்டெழுந்த மக்கள், நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்ட காலத்தில், வெடி அகற்றப்பட்ட காணிகளுக்கே மீண்டனர். துறையின் புகழோ கையையுந் தலையையுமே சுற்றுகிறது.

‘வறிய நாட்டுக்கு இஃதோர் ஆடம்பரம், ஜெய்ப்பூர்க்கால் போதும்’ என்பாரும் உளர். 1960களின் இறுதியில் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் ஆக்கிய அந்த இறப்பர்க்கால், குந்தவும் சம்மணமிடவும் சேற்றில் இறங்கவும் உதவுவது; அதைப் பழிப்பவன் அறிவிலி. எனினும் முழங்காலுக்கு மேல் இழந்தவர் படியேறுகையில், மூட்டு எப்பொழுது மடியவேண்டுமென்று அதற்குச் சொல்வார் யார்? அதைச் சொல்ல வல்லது நரம்பு. மலையேற்றத்திற் பனியில் அகப்பட்டு 1982இல் இரு கால்களையும் இழந்த ஹியூ ஹேர், பின்னர் எம்.ஐ.ரி.யிற் பேராசிரியரானார். எஞ்சிய தசைகளை அறுவையால் மீளப் பிணைத்து, முழங்காலுக்குக் கீழ் இழந்தோர் தம் நரம்பாலேயே மின்காலை நடத்துவதை அவர் குழு 2024இற் காட்டியது. ஆடம்பரம் என்போர் அவரிடஞ் சென்று சொல்லட்டும்!

அவ்வாய்வை அப்படியே இறக்குமதி செய்தலும் போதாது. சுருங்குந் தசையின் மின்னழுத்தம் தோலின்மேல் மில்லிவோல்ற்றளவே. அதை வாங்கும் மின்வாய், வியர்வை கசிந்தால் இடம் வழுவும். கணினி கற்ற கோலம் குழம்பும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் இது சிறு இடையூறு. சித்திரை வெயிலில், கடற்காற்றின் உப்பும் சுண்ணக்கற் புழுதியும் படிய, காங்கேசன்துறைத் துறைமுக வீதியில் நடப்பவருக்கு இதுவே முழு வழக்கு. வாசலிற் செருப்பைக் கழற்றுபவருக்கும், நிலத்தில் அமர்ந்து உண்பவருக்கும் ஏற்ற மின்காலைச் சிந்திக்க வேண்டியவர் யார்?

யாழ்ப்பாணத்துக்கு மருத்துவபீடம் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரிற் பொறியியற்பீடம் உண்டு. ஜெய்ப்பூர்க்கால் பொருத்தும் நிலையமும் நகரிலேயே உண்டு. இம்மூன்றுக்கும் இடையே ஓர் ஆராய்ச்சி மாணவர் பேருந்திற் சென்றுவரலாம். ஆனால் பதவியுயர்வு வேளையிற் கட்டுரைகளின் தொகை கேட்கப்படுகிறது. பொருத்திய காலை ஆறு திங்களின் பின்னும் அவர் அணிகின்றாரா, மூலையிற் சாத்திவிட்டாரா என்பது கேட்கப்படுவதில்லை.