மயக்க ஊசிக்கு முன் மறைக்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

வக்கீலிடமும் வைத்தியரிடமும் எதையும் மறைக்கக்கூடாது என்பார்கள் பெரியோர். ஆனால் ஆபரேஷன் என்றதும் முதலில் மறைப்பவர்களும் அவர்களே. இதை என் வீட்டிலேயே கண்டேன்.

வாணியம்பாடியில் டேனரி ஒன்றில் வேலை பார்க்கும் என் சித்தப்பாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். "பாட்டிம்மா, உங்க வீட்டுல யாருக்காச்சும் ஆபரேஷன் முடிஞ்சப்புறம் மூச்சு திரும்ப ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார் பாட்டி. ஆனால் என் அத்தைக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தபோது, பல மணி நேரம் மூச்சுக் கருவியில் வைத்திருந்ததை வீட்டில் அறியாதவர் இல்லை. சொன்னால் ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பது பாட்டியின் அச்சம். நான் டாக்டரம்மாவின் பின்னாலேயே ஓடி, வராந்தாவில் நிறுத்தி உண்மையைச் சொன்னேன். ஆபரேஷன் நிற்கவில்லை, மருந்துதான் மாறியது. சித்தப்பா நலமாக வீடு திரும்பினார். அந்தக் கேள்விக்குள் அப்படி என்ன இருக்கிறது என்று அதன் பிறகே தேடிப் படித்தேன்.

மயக்க ஊசி என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் தூங்க வைப்பது ஒரு மருந்து, வலியைத் தணிப்பது மற்றொன்று, தசைகளைத் தளர்த்துவது இன்னொன்று. நரம்பின் நுனியில் சுரக்கும் அசிடைல்கோலின்தான் தசைக்கு இயங்கும்படி ஆணையிடுகிறது. அந்த ஆணை தசையைச் சேராதபடி தடுப்பது தென் அமெரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவிய க்யூராரே என்னும் நஞ்சு. நம் ஊர் நாகப்பாம்பின் நஞ்சும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. முன்பெல்லாம் வயிற்றுத் தசை இளகுவதற்காக ஈதரை மிக ஆழமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் உயிருக்கே ஆபத்து உண்டு. 1942 ஜனவரியில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கிரிஃபித், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் குடல்வால் அறுவையின்போது க்யூராரேயைப் பயன்படுத்தினர். நஞ்சு மருந்தாயிற்று.

ஆனால் இம்மருந்து நினைவை மறைப்பதில்லை, வலியையும் போக்குவதில்லை. 1947-இல் ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர் தம் உடலிலேயே அதைச் செலுத்திக்கொண்டு, கண்ணிமை கூட அசையாத நிலையிலும் நினைவு தெளிவாக இருந்ததை மெய்ப்பித்தார். மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடுவதால், நோயாளிக்காக வேறொருவர் மூச்சு விட்டாக வேண்டும். அவர்தான் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து நிபுணர். கத்தி பிடித்தவரின் பெயரை ஊரே சொல்லும். இவர் பெயரைக் கேட்டு வைப்பவர் எத்தனை பேர்?

1951-இல் வழக்கத்துக்கு வந்த சக்சினைல்கோலின் என்ற மருந்தை நம் நாட்டில் ஸ்கோலின் என்பர். ஒரு நிமிடத்தில் தசை தளரும். சில நிமிடங்களில் தானே தெளியும். காரணம், இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. பிறவியிலேயே அந்த நொதி குறைந்தவர்க்கோ, சில நிமிடங்கள் பல மணி நேரமாக நீள்கின்றன. மூச்சுக் கருவி இருந்தால் காத்திருந்து பிழைக்க வைக்கலாம். இல்லையேல்?

இது எங்கோ வெளிநாட்டுச் செய்தி அன்று. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைசிய சமூகத்தாரிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் இந்த நொதி வேலை செய்யவே இல்லை என்று கண்டனர். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006-இல் வெளியிட்டனர். இதைச் சாதிக் குறையாகப் பேசுவது அறியாமை. நொதி இல்லாதவரும் நம்மைப் போலவே நலமாக உண்டு, உழைத்து, வாழ்கிறார். அந்த ஊசி ஏறும் வரை ஒரு குறையும் தெரிவதில்லை. தாய், தந்தை இருவர் வழியிலும் வந்து சேரும்போதுதான் இது முழுமையாக வெளிப்படுகிறது. உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் எந்தச் சமூகத்தில் இல்லை? ஆகவே கேட்க வேண்டியது சாதியை அன்று, குடும்ப வரலாற்றை.

'டாக்டர்தானே சோதித்து அறிய வேண்டும்' என்று சிலர் கேட்கலாம். இரத்தச் சோதனை உண்டு. ஆனால் எல்லோருக்கும் அதைச் செய்வது வழக்கமில்லை. ஐயம் எழுந்தால்தான் செய்வார்கள். அந்த ஐயத்தை எழுப்ப வேண்டியவர்கள் வீட்டாராகிய நாமே. வயலில் பூச்சிமருந்து அடிப்பவர் அதையும் சொல்ல வேண்டும். சிலவகைப் பூச்சிமருந்துகள் இதே நொதியை முடக்கிவிடும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு கடமை உண்டு. என் அத்தைக்கு நேர்ந்தது என்ன, எந்த மருந்தால் என்று தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், பாட்டிக்கு அச்சம் வந்திருக்காது. அத்தையின் பிள்ளைகளுக்கும் அது பயன்பட்டிருக்கும்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது வீடு வீடாக இந்த ஒரு கேள்வியைக் கேட்போம். விடையை ரேஷன் கார்டுடன் எழுதி வைக்கச் சொல்வோம். ஊருக்குச் சொல்லும் முன் இன்றிரவே நம் வீட்டுப் பாட்டியிடம் கேட்போம். மறைத்துக் காப்பது மானம் அன்று. சொல்லிக் காப்பதே உயிர்.